தன்னம்பிக்கை விளையும் நிலம்

(ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் உழவர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

மனிதன் தன் வாழ்விலும் தொழிலிலும் முன்னேறுவதற்குக் குணநலன், தன்னம்பிக்கை, அறிவுத்திறன் ஆகிய மூன்றும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இது கல்லூரி மாணவர்களுக்கு உரிய பேச்சாயிற்றே, விதையையும் உரத்தையும் வாய்க்காலையும் பற்றிக் கேட்க வந்த நமக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே.

ஆயினும், வட்டார அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் என் காதில் நாள்தோறும் விழும் சொற்களைக் கேளுங்கள். "அவருக்கு மூளை இருக்கிறது, செய்கிறார், நமக்கு அதெல்லாம் வருங்களா?" என்பார் ஓர் உழவர். "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை ஐயா, மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்" என்பார் ஒரு தந்தை. "நான் பெயருக்குத்தான் உறுப்பினர், எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பார் ஒரு சகோதரி. மானியம் இருந்தும் விண்ணப்பம் வாராமற் போவதற்கும், பயிற்சிக்கு இடம் இருந்தும் ஆள் வாராமற் போவதற்கும் இச்சொற்களே பாதிக் காரணம் என்பது என் கருத்து. ஆகையால் இந்தப் பேச்சு வாய்க்காலுக்கும் விதைக்கும் அப்பாற்பட்டதன்று.

முதலில் அறிவுத்திறனை எடுத்துக்கொள்வோம். "மூளை இருப்பவன் முன்னேறுவான்" என்பது உலகெங்கும் மக்கள் நம்பிவந்த கருத்து. அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர் ஓர் உழவர் மகன். லூயிஸ் டெர்மன் என்னும் அவர், அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் 14 மக்களுள் 12-ஆவதாகப் பிறந்து, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளநூற் பேராசிரியராக உயர்ந்தவர். அறிவு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1921-ஆம் ஆண்டில் அவர், அறிவுத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஏறத்தாழ 1,500 சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்று பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்தார்.

முடிவு என்ன? பலர் நல்ல நிலைக்கு வந்தனர் என்பது உண்மை. ஆனால் அத்தனை பேரும் கூர்மதி படைத்தவர்களாக இருந்தும், சிலர் மிக உயர்ந்தார்கள். சிலர் சாதாரண வேலையில் நின்றுவிட்டார்கள். டெர்மன் 1947-இல் வெளியிட்ட நூலில், ஆண்களுள் மிக முன்னேறிய 150 பேரையும் மிகப் பின்தங்கிய 150 பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எடுத்த காரியத்தை முடிக்கும் உறுதி, குறிக்கோளை நோக்கிச் சிதறாமற் செல்லுதல், தன்னம்பிக்கை, தாழ்வு மனப்பான்மை இல்லாமை ஆகியவற்றிலேதான் வேறுபாடு மிகுந்திருந்தது. முன்னேறியவர்களின் தந்தையர் அதிகம் படித்தவர்களாக இருந்தனர் என்பதையும் அவர் கண்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஓட்டப்பந்தயம் ஒரே கோட்டில் தொடங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டெர்மனின் தேர்வில் மதிப்பெண் போதாமல் ஒதுக்கப்பட்ட சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்னும் இருவரும் இருந்தனர். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். ஒரு தேர்வைக் கொண்டு ஒரு பிள்ளையை மக்கு என்று முத்திரை குத்துவோர் இதனை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் அறிவுத்திறன் வேண்டாத பொருளா? இல்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் விரைவுக்கு அது பெரிதும் உதவுகிறது. மேலும், அது முழுவதும் பிறவிச் சொத்தும் அன்று. நாம் காப்பாற்றவும் கூடும், பாழாக்கவும் கூடும். கருவுற்ற தாயின் உணவில் அயோடின் சத்துக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. இக்காரணத்தாலேயே, அயோடின் கலவாத உப்பை மக்கள் உணவுக்கென விற்பது 2006-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அளவெடுத்து வாங்கும் கல் உப்பு, மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒருங்கே பயன்படுவதை நான் பல ஊர்களிற் பார்க்கிறேன். இரத்தச் சோகையும் அவ்வாறே பிள்ளையின் கவனத்தைக் கெடுக்கிறது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே 1956-இல் பள்ளிகளில் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் நம் மாநிலத்தில் வந்தன. உங்கள் ஊர்ப் பள்ளியில் சமையற் கூடம் ஒழுங்காக நடைபெறுகிறதா என்று பார்ப்பது அறிவுத்திறனை வளர்க்கும் பணியே.

குணநலனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான பேரிக், மவுண்ட் என்னும் இருவர், பற்பல தொழில்களைக் குறித்து வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1991-இல் ஒரு முடிவு கூறினர். கலகலப்பாகப் பழகும் குணம் விற்பனை போன்ற சில தொழில்களுக்கே பயன்படுகிறது. பொறுப்புணர்ச்சியும் ஒழுங்குமோ எல்லாத் தொழில்களுக்கும் பயன்படுகின்றன என்பதே அம்முடிவு. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்ப்பாய்ச்சியாக யாரை வைத்தார்கள்? பேச்சில் வல்லவரையா? நடு இரவில் முறை வந்தாலும் எழுந்துபோய் மடையைத் திறப்பவரை, வேண்டியவர் வயலுக்கு ஒரு நாழிகை கூடுதலாக விடாதவரை அன்றோ வைத்தார்கள்!

இக்குணங்கள் ஒருவரிடம் திரண்டு நின்றதற்குக் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு அவர்களைச் சொல்லலாம். 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, அதுபோன்ற ஒன்றை வாங்குவதற்காகக் கோவைக்குப் போய் உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்ந்ததோடு நில்லாமல், அதனைத் திருகு திருகாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்யும் பணியில் வெற்றிகண்டார். கொங்கு நாட்டுக் கிணறுகளிற் கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்த வரலாற்றில் கோவைப் பட்டறைகளுக்கு உள்ள பங்கினை இங்குள்ள முதியவர்கள் நன்கு அறிவார்கள்.

அவர் மேதை, நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். இங்கேதான் தன்னம்பிக்கை என்னும் மூன்றாவது பொருளுக்கு வருகிறோம். கழற்றிய வண்டியை ஒருமுறை பூட்டி முடித்தவனுக்கு, அடுத்த இயந்திரத்தைத் தொடும்போது கை நடுங்குவதில்லை. அந்த நடுங்காமை எங்கிருந்து வந்தது?

அதை ஆராய்ந்தவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரே. ஆல்பர்ட் பந்துரா என்பது அவர் பெயர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மண்டேர் என்னும் சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். அவ்வூரில் இருந்தது ஒரே ஒரு பள்ளி, உயர்நிலை வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். 2021-இல் மறைந்த இப்பேரறிஞர், பாம்பைக் கண்டால் நடுங்குபவர்களைக் கொண்டு தம் ஆராய்ச்சியை நடத்தினார். நம்மைப் போல் வயலில் விரியனை மிதித்துவிடுவோமோ என்னும் நியாயமான அச்சம் அன்று. நஞ்சில்லாத பாம்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும் அந்த அறைக்குள் நுழைய மாட்டாத அளவுக்கு அச்சம் கொண்டவர்கள் அவர்கள். சிலருக்கு, வேறொருவர் பாம்பைக் கையாளுவதைக் காட்டினார்கள். வேறு சிலரைத் துணைக்கு ஆள் நின்று, அறைக்குள் வரச்செய்து, பெட்டியைத் தொடச்செய்து, கையுறையோடு பாம்பைத் தொடச்செய்து, பின்னர் வெறுங்கையால் தொடச்செய்தார்கள். பார்த்தவர்களுக்கு அச்சம் குறைந்தது. தாமே செய்தவர்களுக்கு மிகுதியாகக் குறைந்தது. பாம்பச்சம் நீங்கியவர்கள் வேறு காரியங்களிலும் துணிவு கொண்டார்கள் என்பது பந்துராவே எதிர்பாராத பயன்.

இவற்றைக் கொண்டு 1977-இல் அவர் வெளியிட்ட கருத்து யாதெனில், தன்னம்பிக்கைக்கு ஊற்றுக்கண்கள் நான்கு. முதலாவதும் வலியதும், தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது. அதற்கும் பின்னே வருவது, பிறர் சொல்லும் ஊக்க மொழி. நான்காவது உடலும் மனமும் இருக்கும் நிலை. நெஞ்சு படபடத்தால் "என்னால் ஆகாது" என்று தோன்றுவது இதனால். மூன்றாவது ஊற்று வலிமை குறைந்தது என்பதைக் கவனியுங்கள். என்னுடைய இந்த உரையும் அவ்வகையைச் சேர்ந்ததே! ஆகையால் இதைக் கேட்டு உங்களுக்குப் புதிய துணிவு வந்துவிடும் என்று நான் ஏமாந்துபோகவில்லை.

இரண்டாவது ஊற்றுக்கு உழவுத் தொழிலிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோள விதை புகுந்தபோது அது எவ்வாறு பரவியது என்பதை ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களில் 259 உழவர்களைக் கேட்டறிந்தார்கள். 1928 முதல் 1941 வரையுள்ள காலத்தில் இருவர் நீங்கலாக மற்றனைவரும் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். அதனைப் பற்றிய செய்தி பெரும்பாலோருக்கு முதலில் விதை விற்பவர் மூலம் கிடைத்தது. ஆனால் "நாமும் போடலாம்" என்னும் முடிவுக்கு அவர்களை வரச்செய்தவர் அண்டை வயற்காரர். அவர்களும் எடுத்த எடுப்பில் நிலம் முழுவதிலும் போட்டுவிடவில்லை. முதல் ஆண்டு சிறிது, விளைச்சல் கண்ட பின் மிகுதி என்று விரித்தார்கள்.

நம் துறை செயல்விளக்கத் திடல்களை அமைப்பதன் கருத்து இதுதான். ஆனால் நாம் திடல் அமைப்பது எங்கே? சாலையோரத்தில், பெரிய பண்ணையாரின் பம்புசெட்டு நிலத்தில்; மேலதிகாரிகள் வண்டியை நிறுத்திப் பார்ப்பதற்கு வசதியாக. மானாவாரி ஒரு ஏக்கர்க்காரர் அதனைப் பார்த்துவிட்டு, "அவருக்குத் தண்ணீர் இருக்கிறது, பணம் இருக்கிறது" என்று சொல்லிப் போகிறார். அவர் சொல்வதில் தவறில்லை. தம்மைப் போன்ற ஒருவர் செய்ததை அவர் காணவில்லையே! அடுத்த திடலுக்கு இடம் சொல்லும்போது, ஊராட்சியார் சிறு உழவர் ஒருவருடைய நிலத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. செய்து பெற்ற துணிவு வேறு. வெறும் துணிச்சல் வேறு. முதல் ஆழ்குழாய்க் கிணறு வறண்டது, இரண்டாவதும் வறண்டது, "மூன்றாவதில் வந்தே தீரும்" என்று நகையை அடகு வைப்பவரிடம் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் அந்நம்பிக்கை பாறையின் இயல்பை அறியாது. நிலத்தடி நீர் நிலையைக் கேட்டறிந்து, அந்தப் பணத்தில் பாதியைப் பண்ணைக் குட்டைக்கும் சொட்டு நீருக்கும் செலவிடுபவரே தன்னம்பிக்கையோடு அறிவையும் சேர்த்துக்கொண்டவர். தோல்வியிற் பாடம் கேளாத தன்னம்பிக்கை குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துவதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

நிற்க. தாய்மார்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு உறுதியாயின. நம் மாநிலம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. ஆயினும் பல ஊர்களில் நாற்காலி மனைவியுடையதாகவும், அதில் அமர்வது கணவராகவும் இருந்துவருகிறது. "அவளுக்கு ஒன்றும் தெரியாது ஐயா, பயப்படுவாள்" என்று காரணம் கூறுகிறார்கள். பயம் எப்படிப் போகும்? செய்தாலன்றோ போகும்! நீச்சல் பழகாதவரைக் கிணற்றங்கரையிலேயே உட்காரவைத்து, "இவருக்கு நீந்தத் தெரியாது" என்பதை ஒத்தது இது.

மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை அம்மையாரை அறியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி அவர். முதலில் தம்முடன் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக் கூலி பேசினார். பின்னர் களஞ்சியம் சிறுசேமிப்புக் குழுவில் இணைந்தார். ஒரு குழுவை நடத்தினார். அதன்பின் பல குழுக்களின் கூட்டமைப்பை நடத்தினார். 2001-ஆம் ஆண்டு தில்லியில் ஸ்திரீ சக்தி விருதை வழங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர்கள் குனிந்து அவருடைய பாதம் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்து வியக்கும் நாம், அதற்கு முன் அவர் ஏறிவந்த சிறு சிறு படிகளைப் பார்ப்பதில்லை. களத்துமேட்டிற் கூலி பேசிய நாளில்லாமல் தில்லி மேடை இல்லை.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் அம்மையாரும் இவ்வாறே. சிறு வயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார். 1959-இலேயே தம் ஊராட்சியில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உழவர் விவாதக் குழுவிற் பங்கேற்று, அறிஞர்களிடம் கேள்வி கேட்டுப் பழகினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றபோது நூறு வயதைக் கடந்திருந்தும் வயலுக்குச் செல்வதை விடவில்லை. 2024-இல் இயற்கை எய்தினார்.

இத்தகையோர் ஊரில் ஒருவர் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு மேற்கு வங்கத்திலிருந்து நல்ல சான்று கிடைத்திருக்கிறது. அங்குப் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களை ஆராய்ந்து, எஸ்தர் டூப்லோ உள்ளிட்ட பொருளியலறிஞர் குழுவினர் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி இரண்டு முறை தொடர்ந்து இருந்த ஊர்களில், "பையன் பெரிய படிப்புப் படிக்கவேண்டும், பெண்ணுக்கு எதற்கு?" என்று பெற்றோர் எண்ணும் வேறுபாடு குறைந்திருந்தது. சிறுமியருடைய ஆசைகளும் உயர்ந்திருந்தன. படிப்பில் ஆண் பெண் இடைவெளி மறைந்திருந்தது. யாரும் அச்சிறுமியருக்குச் சொற்பொழிவு செய்யவில்லை. தம் அன்னையை ஒத்த ஒருத்தி தலைவர் நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடுவதை அவர்கள் கண்டார்கள், அவ்வளவே. தலைவியின் நாற்காலியிற் கணவர் அமரும்போது பறிபோவது அந்த அம்மையாருடைய உரிமை மட்டுமன்று. எதிர்வீட்டுச் சிறுமி காணவேண்டிய காட்சியும் பறிபோகிறது.

ஆகையால் ஊராட்சியார் நாளை முதற்கொண்டு செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடியது. 2022 முதல் ஆறு நாட்கள் என ஆயிற்று. அக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை ஊராட்சிச் செயலரே வழக்கம்போல் வாசிக்க, மற்றவர் தலையாட்டுவதை மாற்றுங்கள். இதுவரை வாய் திறவாத ஓர் உறுப்பினர், அதிலும் ஒரு பெண் உறுப்பினர், ஒரு பக்கத்தையாவது வாசிக்கட்டும். முதல்நாள் மாலையில் செயலர் அவருடன் அமர்ந்து எண்களை விளக்கட்டும். முதல் முறை குரல் நடுங்கும். யாரேனும் சிரித்தால் தலைவர் கண்டிக்கவேண்டும். மூன்றாவது கூட்டத்தில் அவரே, "இந்தச் செலவுக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்பார். அப்படிக் கேட்கத் தொடங்கியதை நான் பணியாற்றிய வட்டாரங்களில் கண்டிருக்கிறேன்; கேட்கப்பட்டவர் மகிழ்ச்சியடையவில்லை என்பது வேறு விஷயம்.

பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளின் பட்டியல் தலைமையாசிரியரிடம் இருக்கும். அதனை வாங்கிக்கொள்ளுங்கள். துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே நடைபெறுகிறது. விண்ணப்ப நாள் தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். சென்ற ஆண்டு தோற்று, பின்னர் எழுதித் தேறிய பையனோ பெண்ணோ உங்கள் ஊரில் இருந்தால், அவரையே அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள். நீங்களும் நானும் போய்ச் சொல்வதைவிட அது பத்து மடங்கு பயன்படும். படிப்பே வேண்டாம் என்னும் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கழற்றிப் பூட்டும் கை அங்கே மதிக்கப்படும்.

உழவர்களுக்கு நான் சொல்வது இன்னும் சிறியது. புதிய முறை எதுவாயினும், ஒற்றை நாற்று நடவாகட்டும், பயறு ஊடுபயிராகட்டும், இந்தப் பருவத்தில் ஐந்து சென்டு மட்டும் செய்து பாருங்கள். பொய்த்தால் குடும்பம் தாங்கும். விளைந்தால் அடுத்த பருவத்துக்கு என்னைப் போன்றவருடைய பேச்சு உங்களுக்குத் தேவைப்படாது.

உணவுக்குப் பிறகு, வேளாண்மை உதவி அலுவலர் பின்புறத் திடலில் விதைநேர்த்தியைச் செய்து காட்டுவார். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி விதையையாவது தாமே கலந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். முதல் வரிசை தாய்மார்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது.